கரையில் நடந்த நீச்சல் வகுப்பு

ஆற்று நடுவே ஒரு மணல்திட்டு. காட்டுப் பல்கலைக்கழகம் அந்தத் திட்டில்தான் இருந்தது. ஐப்பசி வெள்ளம் வந்தால் திட்டு முழுகிவிடும். அதனால் முயலோ கீரியோ, எந்தக் குட்டி வந்து சேர்ந்தாலும் முதல் பாடம் நீச்சல். கற்றுக்கொடுத்தவர் சாரங்கன் என்ற நீர்நாய்.

அந்த வருஷம் சீர்திருத்தம் வந்தது. அதைக் கொண்டுவந்த அதிகாரி ஒரு பச்சோந்தி. முந்தைய மூன்று சீர்திருத்தங்களையும் மூன்று நிறத்தில் ஆதரித்த அனுபவசாலி!

"நீங்க நீச்சல் நடத்துறதுக்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்டது பச்சோந்தி.

"குட்டிங்க நீந்துறதைப் பார்த்தாத் தெரியாதா?" என்றார் சாரங்கன்.

"பார்த்தாப் போதாது! பாடத்திட்டக் கோப்பு வேணும், வருகைக் கோப்பு வேணும். எத்தனை கோப்பு இருக்குன்னு சொல்ல ஒரு கோப்பு வேணும். அடுத்த மாசம் ஆய்வுக் குழு வருது!"

சாரங்கன் எழுத உட்கார்ந்தார். எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். ஆற்றில் இறங்க ஒரு நாள்கூட நேரம் கிடைக்கவில்லை. குட்டிகளோ கரையில் உட்கார்ந்து, நடக்காத வகுப்பு எப்படி இருந்தது என்று கருத்துப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தன.

அடுத்து, போட்டோ வேண்டும் என்றது பச்சோந்தி. "தண்ணிக்குள்ள மூஞ்சி தெரியாது. மணல்ல குப்புறப் படுக்கவெச்சு, கையைக் காலை ஆட்டச் சொல்லுங்க!"

"அது நீச்சல் இல்லையே!"

"அறுபது மணி நேரம் நடத்தியாச்சுன்னு கையெழுத்துப் போடுங்க. குழு போனதும் நிஜமா நடத்திக்கலாம். குழு போடுற தரம் குறைஞ்சா துணைவேந்தர்கிட்ட நீங்களே பதில் சொல்லுங்க!"

துணைவேந்தர் மயில். அவர் பேரைக் கேட்டதும் சாரங்கனின் மீசை தொங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

குழு வந்தது. தலைவர் பாலைவனத்து ஒட்டகம். ஆற்றை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். போட்டோவைப் பார்த்து அசந்துபோனார்.

"அடடா! உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் நீச்சல்! இந்தப் புதுமை எல்லாக் காட்டுக்கும் போகணும்!"

முதல் தரம் கிடைத்தது. மறுநாளே சான்றிதழ் வழங்கும் விழா. மயில் தோகையை விரித்து மேடையில் நிற்கும்போது, மலையில் பெய்த மழை ஆற்றில் இறங்கிவிட்டது. திட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. மயில் பறந்துபோய் மரத்தில் உட்கார்ந்தது. பச்சோந்தி மரப்பட்டை நிறத்துக்கு மாறியது. அப்புறம் அதை யாரும் பார்க்கவில்லை.

குண்டுமணி என்ற முயல்குட்டி தண்ணீரில் திணறியது. "ஐயா! போட்டோவில ஆட்டின மாதிரிதானே ஆட்டுறேன்! ஏன் முழுகுறேன்?"

சாரங்கன் ஒரே பாய்ச்சலில் குண்டுமணியைக் கவ்வி ஆற்றின் மேட்டுக்கரையில் சேர்த்தார். பிறகு அடுத்த குட்டி, அதற்கடுத்த குட்டி. முப்பத்திரண்டு தடவை போய் வந்தார்.

"சான்றிதழ் நனையாம பார்த்துக்கோங்க!" என்று மரத்திலிருந்து கத்தியது மயில்.

சாரங்கன் ஏறிட்டும் பார்க்கவில்லை. மூச்சிரைக்கக் குட்டிகள் நடுவே விழுந்தார். "வெள்ளத்து மேல தப்பில்ல கண்ணுங்களா, என் மேலதான்" என்று அழுதார்.

நடத்தாத பாடத்துக்கு ஆசிரியர் போடும் கையெழுத்து, மாணவனின் கழுத்தில் கட்டும் கல்.