பக்கம் 211 முதல் 204 வரை

இந்தக் கதையில் எண்கள் கொஞ்சம் வரும். அலுப்பாக இருக்கிறதென்று தள்ளிவிடாமல் கேளுங்கள். விடை அவற்றுக்குள்தான் கிடக்கிறது.

கடலோர ஊர் ஒன்றில், பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே சவரிராயன் கணினித் தட்டச்சுக் கடை வைத்திருந்தார். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனாலும் ஆய்விதழ்களுக்குப் போகும் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலை ஒழுங்கு செய்ய அவரை விட்டால் அங்கே ஆளில்லை. ஓர் இதழ் ஆண்டை முன்னால் கேட்கும். இன்னொன்று கடைசியில் கேட்கும். வேறொன்று ஒரு புள்ளி கூடினாலும் திருப்பி அனுப்பும். எல்லாம் அவருக்கு மனப்பாடம். கட்டுரை என்ன சொல்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. பட்டியலை மட்டும் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி, எண்களின்மேல் விரல் வைத்துக்கொண்டே போவார். படிக்க ஆரம்பித்தால் பிழை கண்ணுக்குத் தப்பிவிடும் என்பார்.

அவரிடம் ஒரு திங்கட்கிழமை செண்பகவல்லி வந்தார். கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். உப்பளத்தில் வேலை செய்பவர்களின் கால் புண்ணைப் பற்றி ஏழு ஆண்டுகளாக ஆய்வு. இரண்டு கோடைக் காலம் வெயிலில் அலைந்து நாற்பத்து மூன்று பேரின் கால்களைத் தன் கையாலேயே பார்த்துக் குறித்திருந்தார். உப்புநீரில் ஆறு மணி நேரம் வரை நின்றால் தோலுக்குக் கேடில்லை என்பது கட்டுரையின் முடிவு. அவர் பார்த்தவர்களில் பதினொரு பேருக்கு நான்கு மணி நேரத்திலேயே தோல் வெடித்திருந்தது. ஆறு மணி நேரம் என்பது முன்பே நிறுவப்பட்ட கணக்கு என்பதால், அந்தப் பதினொரு பேரை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டார்.

இதழிலிருந்து நல்ல பதில்தான் வந்திருந்தது. கட்டுரை சரி, அறுபத்தொரு மேற்கோள்களையும் தங்கள் முறைக்கு மாற்றி வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். அந்த மாதத்தோடு செண்பகவல்லியின் ஆய்வுப் பதிவு முடிகிறது. ஏற்புக் கடிதம் அதற்குள் வராவிட்டால் ஏழு ஆண்டும் வீண், பட்டம் கிடையாது.

சவரிராயனின் விரல் பதினான்காம் எண்ணில் நின்றது.

“டீச்சர், இந்தப் பேப்பரை நீங்க பாத்திருக்கியளா?”

“இல்ல அண்ணாச்சி. கைடு பேப்பர்ல இருந்து எடுத்தது. ஆறு மணி நேரக் கணக்கே அதுலதான் இருக்கு.”

“இருநூத்திப் பதினொண்ணுல ஆரம்பிச்சு இருநூத்தி நாலுல முடியுது. பின்னால நடந்துகிட்டேதான் படிக்கணும் போல.”

செண்பகவல்லி சிரித்தார். ஆனால் அந்த மேற்கோளைக் காட்டிய வேறு கட்டுரைகளையும் சவரிராயன் கேட்டு வாங்கிப் பார்த்தார். மொத்தம் ஏழு. ஏழிலும் 211–204 என்றே இருந்தது. ஒருவராவது மூலத்தைப் புரட்டியிருந்தால் அந்த எண் திருந்தியிருக்கும். ஏழில் மூத்த கட்டுரை செண்பகவல்லியின் நெறியாளர் ஆறுமுகநயினார் எழுதியது.

அந்த மேற்கோள் காட்டியது ஒரு கருத்தரங்குத் தொகுப்பை. கருத்தரங்கு நடந்த கல்லூரியின் நூலகத்துக்குச் சவரிராயன் போன் செய்து விசாரித்தார். தொகுப்பு இருக்கிறதாம். மொத்தமே நூற்று எண்பத்தெட்டுப் பக்கம்தானாம். அந்தப் பெயரில் உள்ளே கட்டுரை ஏதுமில்லையாம்.

செண்பகவல்லி நெறியாளரிடம் போய்ச் சொன்னார். ஆறுமுகநயினார் பதறவில்லை. அந்தக் காலத்தில் யாரோ சொல்ல எழுதிக்கொண்டது, இப்போது ஞாபகமில்லை என்றார். பிறகு சொன்னார்: “ஏழு பேர் காட்டியாச்சு. எட்டாவதா நீ காட்டுறதுல என்னம்மா கேடு? நம்பரைத் திருப்பிப் போட்டு அனுப்பச் சொல்லு.”

மேற்கோளை எடுத்துவிட்டால் ஆறு மணி நேரம் அந்தரத்தில் தொங்கும்; கட்டுரை மறுபடி மதிப்பீட்டுக்குப் போகும்; மாதம் முடிந்துவிடும். செண்பகவல்லி கடைக்குத் திரும்பி வந்தார். எடுக்கவும் மனம் வரவில்லை, திருத்தவும் மனம் வரவில்லை.

“அது அப்படியே கிடக்கட்டும், அண்ணாச்சி. தப்பாவே இருக்கட்டும். எனக்குப் பின்னால யாராவது பாத்துக் கேப்பாங்க.”

வெள்ளிக்கிழமை அவருக்குத் தேர்வுக் கண்காணிப்பு. அனுப்பும் பொறுப்பைச் சவரிராயனிடம் விட்டுப் போனார். மூன்றரை மணிக்கு இதழின் இணையதளம் பதினான்காம் எண்ணைச் சிவப்பில் காட்டி, பக்க எண் தவறு, ஏற்க முடியாது என்றது. சவரிராயன் போன் செய்தார். செண்பகவல்லி தேர்வறையில் போனை அணைத்து வைத்திருந்தார். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சவரிராயன் 204–211 என்று மாற்றினார். சிவப்பு மறைந்தது. கட்டுரை போய்ச் சேர்ந்தது.

பட்டமும் வந்தது. மாற்றியதை அவர் சொன்னபோது செண்பகவல்லி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இப்பப் பாக்க நல்லாத்தான் இருக்கு” என்றார். அதன்பின் அவர் கடைப்பக்கம் வரவில்லை.

இப்போது சவரிராயனின் கடைக்கு வரும் புதிய பட்டியல்களிலும் அந்த மேற்கோள் வருகிறது. எல்லாவற்றிலும் 204–211. விரல் அதன்மேல் தடையில்லாமல் போய்விடுகிறது. சந்தேகப்பட ஒன்றுமில்லை.

இல்லாததை முதலில் எழுதியவர் ஆறுமுகநயினார். இல்லையென்று தெரிந்தும் விட்டுவைத்தவர் செண்பகவல்லி. இல்லை என்பதற்கு இருந்த ஒரே அடையாளத்தை அழித்தவர் சவரிராயன். இவர்களில் யார் செய்த பிழை பெரிது?

விடை: பலரும் சவரிராயனைச் சொல்வார்கள், அவரும் தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறார். ஆனால் அவர் கையில் இருந்தது ஒரு பக்க எண். நெறியாளர் கையில் இருந்தது யாரோ சொன்ன ஒரு பேச்சு. ஆறு மணி நேரம் பொய் என்பதற்கான சான்று செண்பகவல்லி ஒருவரிடம்தான் இருந்தது, அவரே பார்த்துக் குறித்த பதினொரு பேரின் கால்களாக. அவற்றுக்கு மேற்கோள் தேவையில்லை. ஆகவே பெரிய பிழை அவருடையது. இது தெரிந்து ஆவதொன்றுமில்லை. அந்தப் பதினொரு பேரும் இன்றைக்கும் உப்புநீரில் ஆறு மணி நேரம் நிற்கிறார்கள். நின்றால் ஒன்றும் ஆகாது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது: பக்கம் 204 முதல் 211 வரை.