ஈ ஓட்டின தெரு

ஏடூர்னு ஒரு ஊரு. ஊர் நடுவுல ராஜாவோட கல்விச்சாலை. எழுநூறு பசங்க அங்கேயே தங்கிப் படிச்சாங்க. தர்க்கம், இலக்கணம், சோதிடம் எல்லாம் உண்டு. வாய்க்கு ருசியாச் சாப்பாடு மட்டும் கிடையாது. சாயங்காலம் ஆனா எழுநூறும் கீழவாசல் வழியா வெளியே கொட்டும். எதிர்க்கவே கடைத்தெரு. இருபத்துநாலு கடை. ஒவ்வொண்ணுலயும் தள்ளுமுள்ளு.

பிரதானி சடகோபனுக்கு ஒரு மச்சான். மச்சானுக்கு ஊருக்கு மேற்கால ஒரு சோத்துக்கடை. அங்க ஒரு தடவை தின்னவன் அடுத்த தடவை பட்டினி கிடப்பான். திடீர்னு ஒருநாள் பிரதானிக்குப் பசங்க ஒழுக்கத்து மேல அக்கறை வந்துடுச்சு. கடைத்தெருவைப் பார்த்தா படிப்பு கெடுதாம். கீழவாசலைச் செங்கல் வெச்சு அடைச்சார். "மாணாக்கர் மேல வாசல் வழியாக மட்டுமே வெளியே போகவேண்டும்"னு ராஜா முத்திரையோட ஓலையும் வந்துடுச்சு. மேற்கால போய் ஊரைச் சுத்திக் கடைத்தெருவுக்கு வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சுடும். ஆகக்கூடி, மச்சான் சோறுதான்.

ஆறே மாசம். கடைத்தெரு படுத்துடுச்சு.

கடைக்காரங்களும் சும்மா இல்ல. கோலப்போட்டி வெச்சாங்க. கோலம் போட்டவங்களே சுத்திப் பார்த்துட்டு வீட்டுக்குப் போனாங்க. தெருமுனையில தோரணவாயில் கட்டினாங்க. அதுவழியா ஒரு கழுதை வந்துச்சு, ஒண்ணும் வாங்கல. கடைசியில பணியாரக்கடை சீனியம்மா ராஜாவுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினா. "நாங்க இருபத்துநாலு பேரும் காலையிலேர்ந்து ஈ ஓட்டிக்கிட்டு இருக்கோம். மகாராஜாதான் காப்பாத்தணும்."

ராஜா வீரமருதன் ஜென்மத்துல ஒரு கடைக்குப் போனவர் இல்ல. படிச்சதும் மனசு கலங்கிட்டார்.

"அடப்பாவமே. அவ்வளவு ஈயா?"

பிரதானி ஒரு நொடி முழிச்சார். அப்புறம் முகம் மலர்ந்துச்சு. "தாங்கமுடியாத ஈ, மகாராஜா."

மறுநாளே 'கடைத்தெரு புத்துயிர்க் குழு' கிளம்பிச்சு. தலைவர் பிரதானி. கடைக்குப் பத்து விசிறி. மூலைக்கு மூலை வேப்பிலைப் புகை. பத்தாம் நாள் சபையில பிரதானி எழுந்து அறிக்கை படிச்சார். "கடைத்தெருவில் இப்போது ஒரு ஈ காக்கா கிடையாது, மகாராஜா."

சபையே தலையாட்டிச்சு. ஒருத்தன் மட்டும் சிரிச்சான். கோனேரி. அரண்மனையில வாயை வெச்சே பிழைக்கிறவன். அந்த வாய்க்குத் தினமும் சீனியம்மா பணியாரம் வேணும்.

"என்னய்யா சிரிப்பு?"ன்னார் ராஜா.

"ஒண்ணுமில்ல மகாராஜா. காரியம் சுத்தமா முடிஞ்சிருக்கு. ஈ காக்கா மட்டுமில்ல, மனுஷனும் கிடையாது."

பிரதானி அதை லபக்குன்னு பிடிச்சுக்கிட்டார். "கோனேரியே சொல்லிட்டான். ஆளில்லாத தெரு எதுக்கு? இடிச்சுட்டு யானைக்கொட்டடி கட்டிடலாம்."

ராஜாவுக்கு ரெண்டு பேர் பேச்சும் நியாயமாப் பட்டுச்சு. அது அவர் வழக்கம். "கோனேரி, அமாவாசை சாயங்காலம் நான் நேர்ல வருவேன். தெரு உயிரோட இருக்கணும். இல்லேன்னா மறுநாள் இடிப்பு."

"அந்த வாசல் ஓலையை மட்டும் கொஞ்சம்..."

"என் முத்திரை பட்ட ஓலை. ஒரு எழுத்து மாறக்கூடாது."

கோனேரி தெருவுக்கு வந்தான். சீனியம்மா பணியாரச் சட்டியைக் கவுத்துட்டு உக்காந்திருந்தா.

"வாய்யா வாய்க்காரா. எங்க கடையை யானைக்கு எழுதிக் குடுத்துட்டு வந்தியாமே?"

"நீ ஏன்க்கா ராஜாவுக்குப் புரியாத மாதிரி எழுதின?"

"நான் தமிழ்லதான் எழுதினேன். உங்க ராஜா என்ன பாஷை?"

கோனேரி கடை வாசப்படியில உக்காந்தான். தன் சிரிப்பால ஒரு தெருவே போகப்போகுதேன்னு உள்ளுக்குள்ள அரிச்சுது. ஓலையோட நகலை எடுத்தான். நாலு தடவை படிச்சான். அப்புறம் எதிர்க்க இருந்த மதிலை அண்ணாந்து பார்த்தான். ரெண்டு ஆள் உசரம்.

"அக்கா, கடை வாசப்படியிலேர்ந்து ஆளுக்கு ஒரு கல் பேத்துக் குடுப்பீங்களா?"

"எதுக்கு?"

"படிக்கிற பசங்க. ஒரு படி வேணாமா?"

அமாவாசை சாயங்காலம் ராஜா பல்லக்குல வந்தார். பல்லக்கு தெருவுக்குள்ள நுழையல. அவ்வளவு கூட்டம். இறங்கி, இடிபட்டு, ஒரு வழியா உள்ளே போனார். மதிலுக்கு வெளிப்பக்கம் பன்னெண்டு படி, உள்பக்கம் பன்னெண்டு படி. உள்பக்கத்துக்கு வாத்தியாருங்களே கல் தூக்கினாங்க. அவங்களும் அதே மச்சான் சோத்தைத் தின்னவங்கதானே. மதில் உச்சியில ரெண்டு மூங்கில், குறுக்கே மாவிலைத் தோரணம். எழுநூறு பசங்களும் அதுவழியா ஏறி இறங்கிக்கிட்டு இருந்தாங்க.

"உத்தரவு மீறல், மகாராஜா. மதிலேறிக் குதிக்கிறாங்க"ன்னார் பிரதானி.

"யாரும் குதிக்கல. வாசல் வழியாத்தான் வர்றாங்க. ஓலையைக் கொஞ்சம் படிங்க பிரதானியாரே"ன்னான் கோனேரி.

"மாணாக்கர் மேல வாசல் வழியாக..." படிக்கப் படிக்கப் பிரதானி குரல் இறங்கிச்சு.

கோனேரி மதில் உச்சியைக் காட்டினான். "இதைவிட மேல ஒரு வாசல் இந்த ராஜ்யத்துலயே கிடையாது."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அடக்கிக்கிட்டு சீனியம்மா கடையில ஒரு பணியாரத்தை எடுத்தார். மேல நாலு ஈ.

"என்னம்மா இது, மறுபடியும் ஈ மொய்க்குது? கடைக்குப் பத்து விசிறி குடுத்தோமே?"

சீனியம்மா சட்டியிலேர்ந்து தலையைத் தூக்கல. "ஈ இருக்குங்க. அதை ஓட்டத்தான் யாருக்கும் நேரமில்ல. வாங்கியாச்சுன்னா தள்ளி நில்லுங்க."

ராஜா தள்ளி நின்னார். பணியாரத்தை மென்னுக்கிட்டே யோசிச்சார். மூணாவது பணியாரத்துலதான் விளங்கிச்சு.

"அடேய் கோனேரி. அப்ப அந்த விண்ணப்பத்துல, ஈ ஓட்டறதுன்னா..."

"அதேதான், மகாராஜா."

ராஜா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். பிரதானியும் சிரிக்கப் பார்த்தார், வரல.

"கெட்டிக்காரன்யா நீ. தெரு பொழைச்சுது. உனக்கு என்ன வேணும், கேளு."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் மகாராஜா. இங்க இருநூத்தி நாப்பது விசிறி சும்மா கிடக்கு. பிரதானியார் மச்சான் கடைக்கு அனுப்பி வெச்சுடுங்க. இனிமே அங்கதான் தேவைப்படும்."