ஆலிலைப் பட்டமும் பதினோரு காது வெட்டும்

காட்டு ஏரியின் கரையைப் பார்த்துக்கொள்ள ஒரு தலைமைப் பொறியாளர் வேண்டும் என்று யானைத் தலைவர் அறிவித்தார். அந்தப் பதவி தனக்குத்தான் என்று புள்ளிமான் நீலவேணி முடிவே கட்டிவிட்டாள். ஆலமரப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்தவள் அல்லவா! முத்திரை குத்திய ஆலிலைப் பட்டத்தைக் கழுத்திலேயே கட்டிக்கொண்டு திரிந்தாள்.

பெருச்சாளி செவந்தியும் விண்ணப்பம் கொடுத்தாள். அவள் படித்தது கரையடித் தொழிற்பள்ளியில். அங்கே ஒரு கசிவை ஒழுங்காக அடைத்தால் ஆசிரியர் காதில் ஒரு வெட்டுப் போடுவார். அதுதான் தேர்ச்சி. செவந்தியின் காதில் பதினோரு வெட்டுகள் இருந்தன.

"இரண்டு படிப்பும் சமம்தான். இருவரையும் பார்ப்போம்" என்றார் யானை.

நீலவேணிக்கு வயிறு பற்றி எரிந்தது. சேற்றில் உருண்டவளும் நானும் ஒன்றா? அன்று புல்லே இறங்கவில்லை. தண்ணீரில் தன் காதைப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லாமல் வழவழவென்று இருந்தது. அதைப் பார்த்து இன்னும் எரிந்தது.

மறுநாள் சபையில் எழுந்தாள். "தலைவரே! சமம் என்று வாயால் சொன்னால் ஆயிற்றா? இணைச் சான்றிதழ் எங்கே? காது கிழிந்தவர்கள் எல்லாம் பொறியாளர் என்றால் நான் எதற்குப் படித்தேன்?"

"வாங்கிட்டு வரேன் அக்கா" என்றாள் செவந்தி. "ஆனா மழை வரப்போகுது. மதகுப் பக்கம் கரை பொதபொதன்னு இருக்கு. அதை அடைச்சிட்டுப் போறேனே?"

"சான்றிதழ் இல்லாமல் கரையில் கை வைக்கக் கூடாது! விதி அப்படி!"

விதி என்றதும் யானை செவந்தியைச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்லிவிட்டார். சான்றிதழ் தருவது பாறைமலையில் இருந்த ஆமை. போக நான்கு நாள், வர நான்கு நாள். செவந்தி கிளம்பினாள்.

ஐந்தாம் நாள் மழை கொட்டியது. கரையில் ஓர் ஓட்டை விழுந்து தண்ணீர் பீறிட்டது.

நீலவேணி ஒரு பார்வைதான் பார்த்தாள். "தண்ணீர் கலங்கலாக வருகிறது. உள்ளே மண் அரிக்கிறது. ஓட்டையின் ஏரிப் பக்கத்து வாயை உடனே அடைக்க வேண்டும்!"

அவள் சொன்னது அத்தனையும் சரி.

"அப்படியானால் அடையம்மா!" என்றார் யானை.

இறங்கினாள். குளம்பு பட்ட இடமெல்லாம் கரை சரிந்தது. களிமண்ணை எந்தப் பதத்தில் பிசைவது? எப்படித் திணிப்பது? நான்கு வருடத்தில் ஒருநாளும் அவள் சேற்றைத் தொட்டதில்லை.

"பருந்தை அனுப்பட்டுமா? செவந்தியை இப்போதே தூக்கி வந்துவிடும்!" என்றார் யானை.

"வேண்டாம்! நானே பார்த்துக்கொள்கிறேன்!"

மாலைக்குள் கரை உடைந்தது. ஏரி முழுவதும் வடிந்துபோனது.

எட்டாம் நாள் செவந்தி வந்து சேர்ந்தாள். சான்றிதழில் 'இரண்டு படிப்பும் சமம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நீலவேணி அதைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். ஒரு குற்றமும் கிடைக்கவில்லை.

"இனிமே நான் கரையில கை வைக்கலாமா அக்கா?" என்று கேட்டாள் செவந்தி.

யானைதான் பதில் சொன்னார்: "ஏரியே இல்லை, பொறியாளர் எதற்கு? இரண்டு பேரும் போய்க் குடிக்கத் தண்ணீர் தேடுங்கள்!"

வேறு வழியில் கற்றவரின் கல்வியைப் பொறாமையால் தாழ்த்துகிறவர், தாம் கற்றதையும் சேர்த்தே பயனற்றதாக்கிக்கொள்கிறார்.