கொடிமரத்தடியில் ஒரு பிடி உப்பு

அந்தக் காலத்தில் மீனும் மரமும் மட்டுமல்ல, உப்பும்கூட மனுசரோடு வாய்விட்டுப் பேசும்.

கடலோரத்து ஊர் ஒன்றில் இன்னாசியம்மாள் கருவாடு போட்டுப் பிழைத்தாள். கடவுள் படைத்த பொருளையெல்லாம் ஆண்டுக்கு ஒருநாள் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். ஒவ்வொன்றின் பேரையும் சொல்லி அவருக்கு நன்றி கூறுவார்கள். சாமியார் மந்திரித்துக் கொடுப்பார். பேர் சொல்கிற வேலை கணீரென்ற குரல் உள்ள இன்னாசியம்மாளுக்கு. அந்த வருசம் மீன், வலை, நெல், தேங்காய் என்று எல்லாவற்றையும் சொன்னாள். பூசணிக்காயைக்கூட விடவில்லை. உப்பை விட்டுவிட்டாள். காலடியில் கொட்டிக் கிடப்பதை யார் நினைக்கிறார்கள்?

மறுநாள் முதல் உப்பளத்தில் ஒரு கல் உப்புகூட விளையவில்லை. அந்த நேரம் பார்த்துச் சாளைமீன் மலைமலையாய்க் குவிந்தது. மழை மாதங்களில் கட்டுமரம் கடலில் இறங்காது. கருவாடுதான் ஊருக்குச் சோறு. உப்பில்லாமல் கரையில் நாற்றம் எடுக்கத் தொடங்கியது.

இன்னாசியம்மாள் உப்பளத்துக்கு ஓடினாள். "ஏ உப்பே, எங்க பிள்ளையளப் பட்டினி போடவா பாக்க?"

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு ஊருக்கெல்லாம் சொல்லுதிய," என்றது உப்பு. "உப்ப நெனச்சியளா?"

"தப்புதான். உனக்கு ஒரு பூசை வச்சிருதேன்."

"எனக்கா? நல்லாருக்கே கதை! என்னையப் படைச்சவருக்கு நன்றி சொல்லு. என் பேரச் சொல்லிச் சொல்லு, போதும்."

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. வீட்டில் பானையைக் கவிழ்த்தாள். ஒரே ஒரு பிடி உப்பு விழுந்தது. அவளுடைய கூடை மீனைக் காப்பாற்ற அது போதும். ஆனாலும் அதை அள்ளிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள்.

புருசன் மிக்கேல் கையைப் பிடித்தான். "ஏட்டி, இருக்கதையும் கொண்டுபோயிக் கொட்டப் போறியா? நம்ம மீனுக்காவது போடு."

"நம்ம மீனு பொழச்சிரும். ஊரு?" என்றாள். அவன் கையை விலக்கிவிட்டு நடந்தாள்.

கோயில் கொடிமரத்தடியில் அதை வைத்து முழந்தாளிட்டாள். "ஆண்டவரே, உப்பத் தந்தீரே. தெனமும் தின்னேன், ஒருநாளும் சொல்லல. இப்ப சொல்லுதேன். உமக்குத் தோத்திரம்."

வெயில் ஏறியது. உப்பளம் வெள்ளையாய்ப் பூத்தது. ஊரே ஓடி ஓடி உப்பை அள்ளி மீனுக்குப் போட்டது. இன்னாசியம்மாள் திரும்பி வருவதற்குள் அவளுடைய கூடை மீன் அழுகிப்போயிருந்தது. தாங்க முடியாமல் அழுதாள். கண்ணீர் வழிந்து உதட்டில் பட்டபோது கரித்தது. அந்த உப்புக்கும் சேர்த்து ஒரு தோத்திரம் சொன்னாள்.

அன்று முதல்தான் கடலோரத்துக் கோயில்களில், சிரித்துக்கொண்டு வருகிறவர்களும் அழுதுகொண்டு வருகிறவர்களும் கொடிமரத்தடியில் ஒரு பிடி உப்பை வைக்கிறார்கள்.