பென்சில் சார் எழுதிக் கொடுத்த தனி வாசிப்பு

ஒரு கடற்கரை ஹோட்டலில் ஜாஸ் குழு ஒன்று இருந்தது. பியானோ, டபுள் பாஸ், புதிதாக வந்த கிளாரினெட். எல்லாருக்கும் மேலே பென்சில் சார். அவர் வாழ்நாளில் ஒரு சுரம் வாசித்ததில்லை. தலையில் ரப்பர் இருந்தும் ஒருநாளும் குனிந்து அழித்ததுமில்லை.

ஞாயிறு மாலை கிளாரினெட் முதல்முறையாகத் தனியாக வாசிக்க வேண்டும், மனம்போன போக்கில். சொதப்பினால் அவள் நாற்காலி, இடம் கிடைக்காமல் ஓரமாகக் காத்திருந்த புல்லாங்குழலுக்கு. புல்லாங்குழல் அந்த நாற்காலியைத் துடைத்தே வைத்துவிட்டாள்.

"சார், பயமா இருக்கு," என்றாள் கிளாரினெட்.

"எதுக்கும்மா பயம்? பாட்டை அக்கு அக்காப் பிரிச்சாச்சு. பியானோ இங்க ரெண்டாம் கோர்டு, அதான் சுரக்கொத்து, பிடிப்பான், அடுத்து அஞ்சு, அப்புறம் ஒண்ணு. பாட்டு வீடு வந்தாச்சு! எங்கெங்க எந்தச் சுரம்னு எழுதியிருக்கேன்."

"மனசுல தோணினதை வாசிக்கணும்னாங்களே சார்?"

"என்ன தோணணும்னும் எழுதியிருக்கேன்."

கிளாரினெட் அதை ஜெபம்போல மனப்பாடம் செய்தாள்.

மாலையில் ஊதினாள். முன்வரிசைச் சீமாட்டிகளின் தேநீர்க் கோப்பைகள் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றன.

கிளாரினெட்டின் பிறவி அப்படி. தாளில் இருக்கும் சுரத்தை ஊதினால் ஒரு படி கீழேதான் கேட்கும். அதனால் அவளுக்கென்று எப்போதும் தனித்தாள் எழுதுவார்கள். பென்சில் சாரோ பியானோவின் தாளைப் பார்த்து எழுதிவிட்டார்.

"ஏண்டி, நாங்க மாடியில இருக்கோம். நீ கீழ்வீட்டுக் கதவைத் தட்டறியே!" என்றாள் டபுள் பாஸ்.

"சார் எழுதினதைத்தான் அக்கா..."

"சாருக்குக் காது எங்க இருக்கு, காட்டு!"

"என் ஆய்வு சரி," என்றார் பென்சில் சார். "சத்தம்தான் தப்பு."

புல்லாங்குழல் எழுந்து உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். அதைப் பார்த்ததும் கிளாரினெட்டுக்குப் பயத்தைவிட ஆத்திரம் பெரிதானது. தாளிலிருந்து கண்ணை எடுத்தாள். டபுள் பாஸின் தும் தும்மைக் காதால் பிடித்தாள். வாயிலிருந்த தப்புச் சுரத்தை விடாமல் இழுத்து, வழுக்கி, மேலே ஏற்றி, சரியான இடத்தில் உட்கார வைத்தாள். சீமாட்டிகள் சிரித்துக் கைதட்டினார்கள். அவள் வேண்டுமென்றே இன்னொரு தப்பை ஊதி, அதையும் இழுத்தாள். மண்டபமே எழுந்தது. புல்லாங்குழல் பெட்டிக்குள் போனாள்.

பென்சில் சார் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். மறுவாரம் புல்லாங்குழலைக் கூப்பிட்டுத் தாளை நீட்டினார்.

"பயப்படாதேம்மா. எங்கெங்க தப்புப் பண்ணணும்னும் எழுதியிருக்கேன்."