காற்றுப் போகிற இடம்

"காத்து எங்கையோ உள்ளுக்குப் போகுதம்மா. எங்கையெண்டுதான் பிடிபடேல்லை."

மூன்றாவது நாளாக இராசநாயகம் இதே முறைப்பாட்டோடு வந்து நின்றார்.

கனடாவில், மேப்பிள் காட்டுக்குள் இருந்த சின்ன ஆச்சிரமம் அது. குரு யோகாம்பிகை அம்மாவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபத்திரண்டு. பூட்டின கதவை மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் வீதியில் இறங்காத மனிதர். அந்தப் பதற்றம் தொலைந்தால் போதும் என்று தீட்சை கேட்டு வந்தவர்.

அம்மா சரிவில் நின்ற நூற்றிருபது மரங்களை அவரிடம் ஒப்படைத்திருந்தார். கீழே இருக்கிற சாறு சேரும் தாங்கி நிரம்பினால் தீட்சை என்று சொல்லியிருந்தார்.

பாகு காய்ச்சுகிற சாறு அது. மரத்தில் துளையிட்டு, சாறு வடிய ஒரு குழாய்மூக்கைத் தட்டி இறக்க வேண்டும். மூக்குக்கு மூக்கு நீலக் குழாய். கீழே மோட்டார் குழாயிலுள்ள காற்றை உறிஞ்சும், சாறு தன்பாட்டில் இறங்கி வரும். வெளிக்காற்று நுழைந்தால் இழுவை செத்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

அவருக்கு அது அவ்வளவுதானாக இருக்கவில்லை. அணில் கடித்த இரண்டு இடத்தை வெட்டிப் பொருத்தினார். தொய்ந்த குழாயை இழுத்துக் கட்டினார். இழுவையைக் காட்டுகிற மானியின் முள்ளோ எழும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. தாங்கியில் பாதிகூட இல்லை.

மரம் மொட்டு விட்டால் சாறு கசந்துவிடும். பிறகு அடுத்த வருடம்தான். மொட்டுக்கு ஐந்து நாளும் இல்லை என்று ஆச்சிரமத்தில் எல்லாரும் சொன்னார்கள். இந்தப் பயத்தோடு இன்னொரு வருடமா என்று நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா செருப்பை மாற்றிக்கொண்டு அவரோடு காட்டுக்கு நடந்தார். முதல் மரத்தடியில் நின்றார்.

"எப்பிடிப் பாக்கிறனீங்கள், ஐயா?"

அவர் செய்து காட்டினார். மூக்கைக் கழற்றினார். குழாய் காற்றை உறிஞ்சிச் சீறியது. துளையில் சாறு துளிர்க்கிறதா என்று குனிந்து பார்த்தார். திரும்பவும் தட்டிப் பூட்டினார். சீறல் அடங்கியது.

"எல்லா மரத்திலயுமோ?"

"ஒண்டும் விடுறேல்லை, அம்மா."

"நாளுக்கு எத்தினை தரம்?"

"காலமை ஒருக்கா. மத்தியானம் ஒருக்கா. பயம் வந்தால் இன்னும் ஒருக்கா."

"பயம் எப்ப வரும்?"

இராசநாயகம் யோசித்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"பூட்டின உடனை."

அம்மா சிரிக்கவில்லை. இராசநாயகத்தின் பையைத் திறந்து, குழாய்க்குச் சுற்றுகிற ஒட்டுநாடாவை எடுத்தார்.

"கையை நீட்டுங்கோ."

நீட்டினார். அம்மா பத்து விரலையும் ஒன்றாகச் சேர்த்து, இறுக்கிச் சுற்றி, நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"காத்துப் போற இடத்தை அடைச்சாச்சு, ஐயா."