துண்டுக்கு அடியில

மாட்டுச் சந்தையில வெலையை வாயால சொல்ல மாட்டாங்க. கையில துண்டைப் போட்டு மூடி, அதுக்கு அடியில விரலைப் புடிப்பாங்க. எத்தனை விரலோ அத்தனை வெலை. எங்க வீட்டுக்காரர் ஒருதடவை தும்மறப்ப ஒரு விரலைச் சேத்துப் புடிச்சுட்டு, கண்ணு தெரியாத எருமைய ஓட்டிட்டு வந்தாரு. அது நேரா அடுப்படிக்குள்ள... சரி, அது வேற கதை.

அந்தச் சந்தையில முப்பது வருசம் தரகு பாத்தவர் சடையப்பன். அறுபது வயசுல மலையடிவாரத்து மடத்துல சிஷ்யனாச் சேந்தார். குரு அவரை விட இருபது வயசு சின்னவர்.

மடத்துல இருந்தாரே தவிர, நெனப்பெல்லாம் மக மேல. தாயில்லாப் புள்ள மயிலாத்தா. சின்னதுல வாராவாரம் அப்பன் கையப் புடிச்சுக்கிட்டே சந்தை பூரா சுத்துவா. அப்பன் பேச்சை மீறி, புடிச்ச பையனைக் கட்டிக்கிட்டுப் போயி நாலு வருசம். இவருக்கு இன்னமும் நடக்கறப்ப இடது கை கொஞ்சம் வெலகியே தொங்கும்.

ஒருநா குரு முன்னால வந்து ஒக்காந்தார்.

"சாமி, மகளுக்குப் புள்ள பொறந்திருக்குதுங்க. 'வந்து கால்ல விழு, வீட்டை உன் பேருக்கு எழுதறேன்'னு சொல்லி வுட்டேன்."

"என்ன சொன்னா?"

"'டீல் பேச நான் மாடு இல்லப்பா'ன்னுட்டாளுங்க."

குரு சிரிச்சுட்டார். இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு எல்லாமே அந்த டீலுதான். எம் பேத்தி ஒரு டம்ளர் பால் குடிக்கறதுக்கே டீல் பேசுவா. குடிச்சதும் நம்மள டீல்ல வுட்டுட்டு ஓடிருவா.

"தோட்டத்தையும் சேத்துத் தந்தர்றேன் சாமி. ஆனா அவ கால்ல விழோணும், அதுல எறங்க மாட்டேன். இன்னும் எவ்வளவுக்கு ஏத்தலாம்?"

"துண்டைப் போடுங்க."

பழைய தரகராச்சே, முதுகு தன்னால நிமுந்துருச்சு. தோள்ல கெடந்த துண்டை எடுத்துப் போட்டார். ரெண்டு கையும் உள்ள போச்சு.

சடையப்பன் ஒரு விரலைப் புடிச்சார். குரு அசையல. ரெண்டு. மூணு. அஞ்சையும் புடிச்சுப் பாத்தார்.

அப்பத்தான் குரு அவர் கையை முழுசாப் புடிச்சார். அழுத்தவும் இல்ல, வுடவும் இல்ல. சும்மா புடிச்சுக்கிட்டே இருந்தார்.

சடையப்பனுக்கு ஒண்ணும் புரியல.

"இது என்ன வெலைங்க சாமி? முப்பது வருசத்துல சந்தையில என் கைய யாரும் இப்படிப் புடிச்சதில்லீங்களே."

குரு சொன்னார்:

"மயிலாத்தா புடிச்சிருக்காளே."